பழைய நானோ எஸ் கருவியை மாற்றுகிறீர்களா? காயினை அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கிரிப்டோ காயின்களின் சாவியைப் பாதுகாக்கும் சிறு கருவியான லெட்ஜர் நானோ எஸ் 2016-இல் சந்தைக்கு வந்தது. 2022 ஜூனில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. 2017, 2018 காலத்தில் பிட்காயின் வாங்கிய பலருடைய சேமிப்புக்கு இன்றும் சாவியாக இருப்பது அந்தச் சின்ன ஸ்டீல் மூடிக் கருவிதான். ஆப்களுக்கு அதில் உள்ள இடம் மிகக் குறைவு. பிட்காயின், எத்தீரியம் ஏற்றினால் மூன்றாவது ஆப்புக்கு இடம் கிடைப்பதே சந்தேகம். அதன் ஓஎல்இடி திரை ஆண்டுகள் போகப் போக மங்கும். மைக்ரோ யூஎஸ்பி துளையும் தளர்ந்துவிடும். ஆகவே மாற்ற வேண்டியதுதான். ஆனால் மாற்றும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் பணம் தொலைகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். காயின் எதுவும் கருவிக்குள் இல்லை. அது பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் ஒரு முகவரியின் பெயரில் இருக்கிறது. கருவிக்குள் இருப்பது அந்த முகவரியிலிருந்து செலவு செய்வதற்கான சாவி. அந்தச் சாவி பிறப்பது நீங்கள் முதல் நாள் அட்டையில் எழுதிவைத்த 24 சொற்களிலிருந்து. எனவே புதிய கருவிக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. அதே 24 சொற்களைப் புதிய கருவியில் ஏற்றலாம். அப்போது பிளாக்செயினில் எந்தப் பரிவர்த்தனையும் நடக்காது, கட்டணமும் இல்லை. அல்லது புதிய கருவியில் புதிய சொற்களை உருவாக்கி, பழைய முகவரியிலிருந்து காயினை அங்கே அனுப்பலாம். எந்த வழி என்று கருவியை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

சொற்கள் எழுதிய அட்டை உங்களிடம் மட்டுமே இருந்து, அதை யாரும் படம் பிடிக்காமல், கம்ப்யூட்டரிலோ போனிலோ ஒருமுறைகூட டைப் செய்யாமல் வைத்திருந்தால் முதல் வழி போதும். சொற்களை வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பியிருந்தாலோ, கூகுள் டிரைவில் போட்டிருந்தாலோ, செல்போனில் படமாக வைத்திருந்தாலோ இரண்டாவது வழிதான். பிறகு அழித்துவிட்டேன் என்பது கணக்கில் வராது. டீஃபை எனப்படும் இடைத்தரகர் இல்லாத கிரிப்டோ நிதித் தளங்கள் பலவற்றில், தங்கள் டோக்கன்களை எடுக்க அனுமதிகள் கொடுத்து வைத்தவர்களுக்கும் புதிய சொற்களையே பரிந்துரைப்பேன். பழைய அனுமதிகள் பழைய முகவரியோடு ஒட்டியவை. அதே சொற்களைப் புதுக் கருவியில் ஏற்றினால் அவையும் கூடவே வரும்.

மூன்றாவது நிலை ஒன்று இருக்கிறது. அதுதான் அவசரமானது. கருவி வேலை செய்கிறது, பின் எண் நினைவிருக்கிறது, அட்டை மட்டும் காணவில்லை. கருவியிலிருந்து 24 சொற்களைத் திரும்பக் காட்டச் சொல்ல முடியாது. லெட்ஜர் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நானோ எஸ்-இல் பின் எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தினால் கருவி முழுவதும் அழிந்துவிடும். ஆகவே இந்த நிலையில் இருப்பவர்கள் புதுக் கருவியில் புதிய சொற்களை உருவாக்கி, பழையது உயிரோடு இருக்கும்போதே காயினை அனுப்பிவிட வேண்டும். அதுவரை பழைய கருவியின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் இயங்கும் அடிப்படை மென்பொருளை, தொடாதீர்கள். புதுப்பிப்பு நடுவில் நின்றுபோனால் கருவியை அழித்துச் சொற்களை மறுபடி ஏற்ற நேரலாம், உங்களிடம் சொற்கள் இல்லை. இருக்கும் ஃபர்ம்வேரிலேயே அனுப்ப முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கம்ப்யூட்டர் கருவியைக் கண்டுகொள்ளவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். சார்ஜ் மட்டும் ஏற்றும் மைக்ரோ யூஎஸ்பி கேபிள்கள் வீட்டில் நிறைய இருக்கும். அவற்றில் டேட்டா போகாது, ஆனால் கருவி ஒளிரும், அதனால்தான் குழப்பம். கருவியோடு வந்த கேபிளைத் தேடி எடுங்கள்.

அட்டை இருப்பவர்களுக்கு முதல் வேலை, அதில் எழுதியது சரிதானா என்று பார்ப்பது. லெட்ஜரில் இதற்கென்றே ரெக்கவரி செக் என்ற ஆப் உண்டு. அதற்கு இடம் வேண்டுமானால் எத்தீரியம் ஆப்பை நீக்கிவிடுங்கள். ஆப்பை நீக்கினால் காயின் போகாது, மறுபடி ஏற்றினால் கணக்கு அப்படியே வரும். ரெக்கவரி செக்கில் 24 சொற்களையும் கருவியின் இரண்டு பொத்தான்களாலேயே உள்ளிட வேண்டும். உள்ளே இருப்பதோடு பொருந்துகிறதா இல்லையா என்று அது சொல்லும். பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும் சலிப்பான வேலைதான், விட்டுவிடாதீர்கள்.

சிறு எழுத்துப் பிழை இருந்தாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தச் சொற்கள் பிப்-39 என்ற தரத்தின் 2,048 ஆங்கிலச் சொற்களின் பட்டியலிலிருந்து வருபவை. எந்தச் சொல்லையும் முதல் நான்கு எழுத்துகளை வைத்தே அடையாளம் காணலாம். கையெழுத்து மங்கியிருந்தாலும் முதல் நான்கு தெரிந்தால் போதும். தவறான சொல் போட்டால் கருவி ஏற்க மறுக்கும் என்பது பாதிதான் உண்மை. 24 சொற்களில் சரிபார்ப்புக்கு ஒதுக்கியது 8 பிட், ஆகவே தவறான வரிசை ஒன்று தப்பித்துப் போக 256-இல் ஒரு வாய்ப்பு. 12 சொற்களில் அது 4 பிட் மட்டுமே, 16-இல் ஒரு வாய்ப்பு. கருவி ஏற்றுக்கொண்டது என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். முகவரி பொருந்த வேண்டும்.

அதனால் பழைய கருவியில் ஒவ்வொரு காயினுக்கும் முதல் முகவரியைத் திரையில் வரவழைத்து, காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முகவரி இரகசியம் இல்லை, எழுதலாம். பிறகு புதுக் கருவியில் சொற்களை ஏற்றி, அதே முகவரி வருகிறதா பாருங்கள். இந்த ஒப்பீடு முடியும்வரை பழைய கருவியை அழிக்கவே கூடாது.

புதுக் கருவியைத் தயாரிப்பாளரிடமோ அவர்கள் அறிவித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பெட்டியைத் திறக்கும்போது பின் எண் முன்பே வைத்திருந்தாலோ, சொற்கள் முன்பே எழுதிய அட்டை இருந்தாலோ அது பொறி. அந்தச் சொற்களை எழுதியவனிடம் இன்னொரு பிரதி இருக்கிறது. கருவியோடு சேர்ந்து கம்ப்யூட்டரிலும் போனிலும் இயங்கும் லெட்ஜர் லைவ் என்ற மென்பொருளின் பெயர் 2025-இல் லெட்ஜர் வாலட் என மாறிவிட்டது. இந்த மாதிரி மாற்றங்கள் போலிகளுக்கு நல்ல வேளை. தேடுபொறியில் தேடி, முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே 2023-இல் போலி லெட்ஜர் லைவ் ஏறி, பலர் பணத்தை இழந்தார்கள். அந்தப் போலி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 24 சொற்களை இங்கே டைப் செய்யுங்கள் என்று. கம்ப்யூட்டர் திரையில் சொற்களைக் கேட்கும் எதுவும் லெட்ஜருக்கு உரியது அல்ல.

தபாலில் கடிதம் வந்தாலும் அப்படியே. 2020-இல் லெட்ஜரின் விற்பனைத் தரவுத்தளம் கசிந்தது. அந்த டிசம்பரில் பொதுவெளியில் கொட்டப்பட்ட பட்டியலில் சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் எண் இருந்தன. அதன் பிறகு சிலருக்குப் போலிக் கருவிகளே பார்சலில் வந்தன, கியூஆர் கோடு போட்ட கடிதங்களும் வந்தன. பழைய கருவி காலாவதியாகிவிட்டது, உடனே மாற்றுங்கள் என்ற வாசகம் மோசடிக்காரர்களுக்கு மிகவும் பிடித்தது. உண்மையிலேயே கருவி பழையது என்பதால் நம்பத் தோன்றும்.

சொற்களை ஏற்றியபின் கணக்கு பூஜ்யமாகத் தெரிந்தால் பதறாதீர்கள். இங்கேதான் அதிகமானோர் தடுமாறுகிறார்கள். ஒரே 24 சொற்களிலிருந்து எண்ணற்ற முகவரிகள் பிறக்கும். எந்த வரிசையில் எடுப்பது என்பதை டெரிவேஷன் பாத் தீர்மானிக்கிறது. 2017 வாக்கில் திறந்த பிட்காயின் கணக்கு லெகஸி வகையாக, 1 என்று தொடங்கும் முகவரியோடு இருக்கலாம், அல்லது 3 என்று தொடங்கும் செக்விட்டாக இருக்கலாம். இன்றைய மென்பொருள் முதலில் காட்டுவது நேட்டிவ் செக்விட் என்ற புதிய வகை முகவரி. கணக்கைச் சேர்க்கும் இடத்தில் எல்லா முகவரி வகைகளையும் காட்டு என்ற தேர்வைத் திறந்தால் பழையது வந்துவிடும். எத்தீரியத்திலும் இதே கதை. அந்நாளில் மைஈதர்வாலட் என்ற இணைய வாலட் வழியாகப் பயன்படுத்தியவர்களின் இரண்டாம், மூன்றாம் முகவரிகள் லெட்ஜர் லைவ் இயல்பாக எடுக்கும் பாதையில் இல்லாமல் போகலாம். பழைய பாதையைத் தேர்ந்தெடுக்க வசதியுள்ள வாலட்டோடு கருவியை இணைத்தால் தெரியும். பிட்காயினில் இன்னொன்று: தொடர்ந்து 20 முகவரிகள் காலியாக இருந்தால் தேடல் நின்றுவிடும். நடுவே நிறைய முகவரிகளை உருவாக்கிப் பயன்படுத்தாமல் விட்டவர்கள் இந்த வரம்பை உயர்த்திப் பார்க்க வேண்டும்.

24 சொற்களோடு பாஸ்ஃபிரேஸ் என்ற கூடுதல் இரகசியச் சொல்லையும் வைத்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 24 சொற்களை ஏற்றும்போது பாஸ்ஃபிரேஸ் தானாக வராது, புதுக் கருவியில் மறுபடி அமைக்க வேண்டும். ஒரு பெரிய எழுத்து, ஒரு இடைவெளி மாறினால்கூடப் பிழைச் செய்தி வராது. வேறொரு காலி வாலட் அமைதியாகத் திறக்கும்.

நிறுவனம் மாறுவதாக இருந்தால் இன்னும் கவனம். இன்னொரு தயாரிப்பாளரான ட்ரெசரின் சேஃப் வரிசைக் கருவிகள் இப்போது இயல்பாகத் தருவது 20 சொல் காப்பு. அது லெட்ஜரில் ஏறாது. கார்டானோ என்ற காயினில் 24 சொற்கள் ஒன்றே ஆனாலும் இரண்டு நிறுவனங்களும் சாவியை வேறு வேறு முறையில் உருவாக்குகின்றன, முகவரி மாறிவிடும். கார்டானோ வைத்திருப்பவர்கள் நிறுவனம் மாறும்போது அனுப்புவதே நல்லது. பழைய ட்ரெசர் ஒன் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கருவி கையில் கிடைத்தால் சுமார் 15 நிமிடத்தில் அதிலிருந்து இரகசியச் சொற்களை உருவ முடியும் என்று கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்பு ஆய்வகம் 2020 ஜனவரியில் காட்டியது. அந்தக் கருவி தொலைந்திருந்தால், பாஸ்ஃபிரேஸ் இல்லாத பட்சத்தில், பழைய சொற்களைத் திரும்ப ஏற்றுவதோடு நிறுத்தாமல் புதிய சொற்களுக்குக் காயினை அனுப்பிவிடுங்கள்.

இனி அனுப்பும் வழி. புதிய கருவியில் புதிய சொற்களை எழுதியதும், பணம் எதுவும் வருவதற்கு முன், கருவியை வேண்டுமென்றே அழித்து, காகிதத்தைப் பார்த்து மறுபடி ஏற்றுங்கள். முகவரி மாறாமல் வந்தால் காகிதம் சரி. பிறகு சிறு தொகை அனுப்புங்கள். அது வந்து சேர்ந்ததும், அதில் கொஞ்சத்தைப் புதுக் கருவியிலிருந்து வெளியே அனுப்பிப் பாருங்கள். வாங்க முடிவது வேறு, செலவு செய்ய முடிவது வேறு. பெறும் முகவரியைப் புதுக் கருவியின் திரையில் பார்த்து, பழைய கருவியின் திரையில் வருவதோடு முழுவதும் ஒப்பிடுங்கள். கம்ப்யூட்டரில் காப்பி செய்த முகவரியை மாற்றிவைக்கும் வைரஸ்கள் உண்டு. முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்து பார்த்தால் போதும் என்பது ஆபத்து, அவை ஒத்துப்போகும் போலி முகவரியை உருவாக்குவது எளிது.

எத்தீரியம் வலையில் கட்டணம் அதன் சொந்த நாணயமான ஈதரில்தான். ஆகவே அந்த வலையில் உள்ள டோக்கன்களை முதலில் அனுப்புங்கள், ஈதரைக் கடைசியில். ஈதர் முழுவதையும் முதலில் அனுப்பிவிட்டால் யூஎஸ்டிடி போன்றவை கட்டணம் கட்ட வழியின்றிப் பழைய முகவரியிலேயே மாட்டிக்கொள்ளும். ட்ரான் வலையில் யூஎஸ்டிடி இருந்தால் கட்டணத்துக்கு அதன் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் வேண்டும். எக்ஸ்ஆர்பி-யில் ஒவ்வொரு முகவரியும் 1 எக்ஸ்ஆர்பி இருப்பு வைத்தாக வேண்டும், முதல் சோதனைத் தொகை அதற்குக் குறைவாக இருந்தால் போய்ச் சேராது. ஸ்டேக் செய்தவை, அதாவது வருமானத்துக்காக வலையில் பூட்டிவைத்தவை, உடனே வராது: காஸ்மோஸில் விடுவிக்க 21 நாள். கருவி திரை மங்கிக்கொண்டிருந்தால் இதை முதலில் தொடங்குங்கள்.

பிட்காயினைச் சிறுகச் சிறுக வாங்கியவர்கள் கட்டணத்தைக் கணக்கிட வேண்டும். லெகஸி முகவரியில் வந்த ஒவ்வொரு வரவும் செலவாகும்போது சுமார் 148 வி-பைட் இடம் பிடிக்கும். (பரிவர்த்தனையின் அளவைச் சொல்லும் அலகு வி-பைட். கட்டணம் அதற்கேற்பத்தான்.) 30 வரவுகள் இருந்தால் ஏறக்குறைய 4,480 வி-பைட். சதோஷி என்பது பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. வி-பைட்டுக்கு 3 சதோஷி என்றால் 13,440 சதோஷி, 50 சதோஷி என்றால் 2,24,000 சதோஷி. சொற்கள் கசியவில்லை, அட்டையும் கையில் இருக்கிறது என்றால் கூட்டம் இல்லாத நாளில் அனுப்பினால் போதும், அவசரம் இல்லை.

இந்திய வாசகர்களுக்கு: உங்கள் வாலட்டிலிருந்து உங்கள் இன்னொரு வாலட்டுக்கு மாற்றும்போது உரிமை கைமாறுவதில்லை. ஆனால் மென்பொருளில் உள்ள ஸ்வாப் பொத்தானை அழுத்தி ஒரு காயினை இன்னொன்றாக்கினால் அது 2022 ஏப்ரல் 1 முதல் 30% வரிக்குள் வரும் பரிமாற்றம். கருவி மாற்றும் சாக்கில் காயினையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு பரிவர்த்தனை எண்ணையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

எல்லாம் முடிந்தபின் எக்ஸ்சேஞ்சில் சேமித்து வைத்த பழைய முகவரியை நீக்குங்கள். மறந்துபோய் அடுத்த மாதம் அங்கேயே அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பழைய காகிதத்தை எரிக்காதீர்கள். 2017 ஆகஸ்ட் 1 அன்று பிட்காயினிலிருந்து பிட்காயின் கேஷ் பிரிந்தது. அதற்கு முன் பிட்காயின் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சொற்களிலேயே பிட்காயின் கேஷ் எடுக்கப்படாமல் கிடக்கலாம். பழைய கருவியை யாருக்காவது கொடுப்பதாகவோ மின்கழிவில் போடுவதாகவோ இருந்தால், பின் எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தி, வரவேற்புத் திரை வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.