உதைக்கும் துப்பாக்கியும் நோகும் கட்டைவிரலும்

நான் டெக்சாஸில் கை சிகிச்சையாளராக வேலை பார்க்கிறேன். கை எலும்பு முறிவு, தசைநார்க் காயம், மூட்டுத் தேய்மானம் என்று வருபவர்களை மறுபடி வேலைக்கு அனுப்புவதுதான் என் தொழில். இந்த ஊரில் அந்தப் பட்டியலில் துப்பாக்கி சுடுபவர்கள் தவறாமல் இருப்பார்கள். வார இறுதியில் சுடுதளத்துக்குப் போய் நூறு, இருநூறு தோட்டா சுட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் காபிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் வருவார்கள். அவர்களில் பலர் தங்கள் தோட்டாவைத் தாங்களே செய்கிறவர்கள். சுட்டு முடித்த பித்தளை உறையில், தீப்பொறி தரும் சின்ன மூடியான பிரைமரைப் புதிதாகப் போட்டு, பவுடர் என்கிற வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவது. இங்கே அதற்கு ரீலோடிங் என்று பெயர். சொந்த உபயோகத்துக்கு அமெரிக்க மத்திய அரசின் உரிமம் வேண்டாம். செய்து விற்றால்தான் வேண்டும். இந்தியாவில் அப்படியில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். அதனால் உதை குறைந்த தோட்டாவால் கையைக் காப்பது பற்றிய இந்தக் கட்டுரை அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கும், இந்த விஷயம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும்தான்.

போன வருடம் 68 வயதுக்காரர் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். நாற்பது வருடம் பிளையர் பிடித்த கை. கட்டைவிரலின் அடிமூட்டை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அழுத்தி லேசாகச் சுழற்றினேன். உள்ளே மணல் அரைபடுவது போல என் விரலுக்கே தெரிந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதை கன்றி, மஞ்சளும் ஊதாவுமாக இருந்தது.

இந்த மூட்டைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். கட்டைவிரல் நுனியால் 1 கிலோ அழுத்தத்தில் ஒரு பொருளைக் கிள்ளிப் பிடித்தால், அடிமூட்டில் விழும் சுமை ஏறத்தாழ 12 கிலோ. சாவி திருப்புவதே இப்படி என்றால், இறுக்கிப் பிடித்த பிடியைத் துப்பாக்கி பின்னால் உதைத்து மேலே எத்தும்போது அந்த மூட்டு என்ன பாடு படும்?

கிளினிக்கில் நிஜத் துப்பாக்கிக்கு அனுமதி கிடையாது. அதற்காக நீல நிறப் பிளாஸ்டிக் மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன். பிடித்துக் காட்டச் சொன்னேன். பிடி சரியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கேட்டேன்: என்ன துப்பாக்கி, என்ன தோட்டா? சட்டைப்பையில் வைக்கிற அளவுக்குச் சின்ன, 350 கிராம் எடையுள்ள ரிவால்வர். அதில் .357 மாக்னம் என்ற பலமான தோட்டா. எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

உதை எங்கிருந்து வருகிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. குண்டு முன்னால் எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ, அதே உந்தத்தோடு துப்பாக்கி பின்னால் வரும். பவுடர் எரிந்து குழல் வாயிலிருந்து சீறும் வாயுவுக்கும் இதில் பங்கு உண்டு. ராக்கெட் மாதிரிதான். கைக்கு வந்து சேரும் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துப்பாக்கியின் எடை கூடினால் அது குறையும். எனவே ஒரே தோட்டாவை 1 கிலோ ரிவால்வரில் சுடுவதற்கும் 350 கிராம் ரிவால்வரில் சுடுவதற்கும் உதையில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கும். பையில் வைக்க வசதி என்று வாங்கியதற்கு விலையைக் கட்டைவிரல் கொடுக்கிறது.

துப்பாக்கியை மாற்ற மனமில்லை என்றால் தோட்டாவை மாற்றலாம். .357 மாக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம்; .38 ரிவால்வரில் மாக்னத்தைச் சுட முடியாது, மாக்னத்தின் உறை சற்று நீளம். சாதாரண மாக்னம் தோட்டாவில் 158 கிரெய்ன், அதாவது பத்து கிராமுக்குச் சற்று மேல் எடையுள்ள குண்டு, நொடிக்கு 1235 அடி வேகத்தில் போகும். இலக்கில் சுடுவதற்கென்றே இருக்கும் .38 ஸ்பெஷல் வாட்கட்டர் தோட்டாவில் 148 கிரெய்ன் குண்டு, வேகம் சுமார் 700 அடி. குண்டின் உந்தத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலே உதை ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. வாயுவின் பங்கையும் சேர்த்தால் இன்னும் கீழே. அதே துப்பாக்கி, அதே கைதான். வாட்கட்டர் என்பது உருளை மாதிரி தட்டையான தலை கொண்ட குண்டு. காகித இலக்கில் பஞ்சிங் மெஷின் போட்டது போல வட்டமாக ஓட்டை விழும். வயதானவர்கள் இதைச் சுட்டுப் பார்த்தால் முகத்தில் ஒரு நிம்மதி வரும்.

பிஸ்டல்காரர்களுக்கு, அதாவது சுட்டதும் மேல்பகுதி பின்னால் போய்வந்து அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு, கதை கொஞ்சம் வேறு. இங்குள்ள போட்டிகளில் பவர் ஃபேக்டர் என்றொரு அளவு உண்டு: குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பது. யுஎஸ்பிஎஸ்ஏ என்ற சுடுதல் சங்கத்தின் போட்டிகளில், பலம் குறைந்த தோட்டாக்களுக்கான மைனர் பிரிவுக்குக் குறைந்தது 125 வேண்டும். 9 எம்எம் துப்பாக்கியில் 115 கிரெய்ன் குண்டு 1150 அடி வேகத்தில் போனால் 132 வருகிறது. 147 கிரெய்ன் குண்டு 900 அடியில் போனாலும் அதே 132. எண் ஒன்று, ஆனால் கைக்குத் தெரிவது வேறு. கனமான குண்டை மெதுவாக அனுப்பக் குறைந்த பவுடர் போதும். வாயு குறைகிறது, குழல் வாயில் சீறலும் குறைகிறது. சுடுபவர்கள் சொல்வது: லேசான குண்டு சுளீரென்று அடிக்கிறது, கனமான குண்டு மெல்லத் தள்ளுகிறது. தேய்ந்த மூட்டுக்குத் தள்ளல் பரவாயில்லை, சுளீர்தான் ஆகாது. பவுடரிலும் இதே வழிதான். வேகமாக எரியும் வகையில் கொஞ்சம் போட்டாலே வேலை முடிந்துவிடும். புல்ஸ்ஐ என்ற பவுடர் நூறு வருடத்துக்கும் மேலாக இலக்குச் சுடுபவர்களிடம் புழங்குவது இதனால்தான்.

எத்தனை கிரெய்ன் பவுடர் என்று நான் எழுதப்போவதில்லை. அது லைமன், ஹார்னடி போன்றவர்களின் கையேட்டிலும் பவுடர் தயாரிப்பாளரின் தரவிலும் இருக்கிறது. அங்கிருந்துதான் எடுக்க வேண்டும். நண்பர் சொன்னது, வாட்ஸ்அப்பில் வந்தது எதுவும் வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எலக்ட்ரீஷியன்தான் காரணம். முதல் சந்திப்பில் 'தோட்டாவை மிதமாக்குங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அது என் தவறு, முழு விவரமும் சொல்லியிருக்க வேண்டும். அவர் வீட்டுக்குப் போய், மாக்னத்துக்கு என்று வைத்திருந்த மெதுவாக எரியும் பவுடரைத் தன் கணக்குப்படி குறைத்துப் போட்டிருக்கிறார். சுடுதளத்தில் மூன்றாவது தோட்டா 'டமார்' என்று வெடிக்காமல் 'டப்' என்றது. உதையே இல்லை. அடுத்ததைச் சுட விசையில் விரல் வைத்துவிட்டார். பக்கத்து வரிசையில் நின்றவர் சத்தத்தின் வித்தியாசத்தைக் கேட்டு, நிறுத்து நிறுத்து என்று கத்தியதால் நின்றார். குண்டு குழலுக்குள் பாதி வழியில் சிக்கியிருந்தது. அடுத்த குண்டு அதன் மேல் போய் மோதியிருந்தால் குழல் வீங்கியிருக்கும் அல்லது பிளந்திருக்கும்.

கையேட்டில் அதிகபட்ச அளவுக்குப் பயப்படுகிற அளவுக்கு யாரும் குறைந்தபட்ச அளவுக்குப் பயப்படுவதில்லை. மெதுவாக எரியும் பவுடருக்கு உறை நிறைந்திருக்க வேண்டும், அழுத்தம் வேண்டும்; இல்லாவிட்டால் ஒழுங்காக எரியாது. எச்-110 என்ற மாக்னம் பவுடரின் அளவை 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று அதைத் தயாரிப்பவர்களே எச்சரிக்கிறார்கள். மிதமான தோட்டா வேண்டும் என்றால் அதற்கென்று தரவு உள்ள வேறு பவுடர், வேறு குண்டு என்று போக வேண்டும். இருப்பதையே குறைத்துப் போடக் கூடாது.

வேகமான பவுடரில் ஆபத்து எதிர்ப்பக்கம். .38 ஸ்பெஷல் முதலில் கரும் வெடிமருந்துக்காக வந்த உறை. அந்த மருந்து நிறைய இடம் பிடிக்கும் என்பதால் உள்ளே இடம் தாராளம். மிதமான அளவு பவுடர் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். தவறி இரண்டாம் முறை கொட்டினாலும் வழியாது, கண்ணுக்கும் எளிதில் தெரியாது. சுட்டால் துப்பாக்கி உடையும். எலக்ட்ரீஷியன் இப்போது ஐம்பது உறைகளை மரப்பலகையின் குழிகளில் நிறுத்தி, ஒரு குண்டு வைக்கும் முன் சின்ன டார்ச்சை ஒவ்வொரு உறையின் வாயிலும் அடித்துப் பார்க்கிறார். வரிசையில் ஒன்றில் மட்டம் உயர்ந்திருந்தாலோ தாழ்ந்திருந்தாலோ சட்டென்று தெரியும். வேலை நடக்கும்போது டிவி இல்லை, போன் இல்லை, மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா. இது அவரே எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

பிஸ்டலில் இன்னொன்று: தோட்டா ரொம்ப மிதமானால் மேல்பகுதி முழுதாகப் பின்னால் போகாது, காலி உறை சிக்கிக்கொள்ளும். அதற்கேற்ற ஸ்பிரிங் பற்றித் துப்பாக்கி மெக்கானிக்கைக் கேளுங்கள்.

யாரும் கவனிக்காத ஒன்றுக்கு வருகிறேன். தோட்டா செய்யும் வேலையே கட்டைவிரலைத் தேய்க்கிறது. தோட்டாவின் பாகங்களை அழுத்திச் சேர்க்கும் கருவியான பிரஸ்ஸின் கைப்பிடியை ஒரு மாலையில் முந்நூறு முறை இழுக்கிறார்கள். பட்டாணியைவிடச் சின்ன பிரைமர்களைக் கிள்ளி எடுக்கிறார்கள். ஒவ்வொரு உறையின் வாயிலும் குண்டை இரு விரலால் பிடித்து நேராக வைக்கிறார்கள். மேலே சொன்ன அந்த 12 மடங்குக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஒருவர் சுடுவதை ஒரு மாதம் நிறுத்தியும் வலி குறையவில்லை. விசாரித்தால் அந்த மாதம் முழுக்க உட்கார்ந்து தோட்டா செய்து அடுக்கியிருக்கிறார்! பிரஸ்ஸின் கைப்பிடிக் குமிழைப் பெரிதாக்குங்கள். முழங்கை உயரத்துக்கு மேசை வரட்டும், தோளால் இழுங்கள். நூறு செய்ததும் எழுந்து நடங்கள். கட்டைவிரல் அடிமூட்டைத் தாங்கும் சின்ன பட்டையை நான் இதற்குத்தான் அதிகம் தருகிறேன், சுடுவதற்கு அல்ல.

ஈயத்தையும் சொல்லாமல் விட முடியாது. குண்டிலும் ஈயம், பெரும்பாலான பிரைமரிலும் ஈயம், சுட்ட உறையைச் சுத்தம் செய்யும் தூளிலும் ஈயம். மேசையில் சாப்பிடாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே இங்கே பெரியவர்களுக்கு அதிகம் என்று கணக்கு. வருடாந்தரப் பரிசோதனையில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியன் இப்போது 1 கிலோ எடையுள்ள பழைய எஃகு ரிவால்வரில், ரப்பர் பிடி போட்டு, வாட்கட்டர் சுடுகிறார். நான் வைத்திருக்கும் அளவு இது: ஐந்தைந்தாகச் சுட்டு, நடுவே கையைத் தளர்த்த வேண்டும், மொத்தம் முப்பது. மறுநாள் காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது வலித்தால் அடுத்த முறை பதினைந்து. இரவில் விரல் மரத்துப் போனாலோ, கையிலிருந்து சாமான் நழுவி விழுந்தாலோ சுடுவதை நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் வந்தபோது சதையில் கன்றல் இல்லை. பையிலிருந்து மடித்த காகித இலக்கு ஒன்றை எடுத்து என் மேசையில் விரித்தார். நடுவில் வட்ட வட்டமாக ஓட்டைகள், பெரும்பாலும் ஒன்றையொன்று தொட்டபடி.