வேர்டுக்கு எது தலைப்பு என்று யார் சொல்வது?

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு டிடிபி கடையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால், நம் ஊர் அறிக்கைகள் எப்படித் தயாராகின்றன என்று தெரிந்துவிடும். ஒரு வரியைத் தேர்ந்தெடுப்பது, போல்டு போடுவது, சைஸை 16 ஆக்குவது, நடுவில் கொண்டுவருவது, ஆசைக்கு ஒரு அடிக்கோடும் இழுப்பது. அடுத்த தலைப்புக்கும் இதே வேலை, அதற்கடுத்ததற்கும் இதே. ஐம்பது பக்கம் ஆனபிறகு முன்னால் உள்ளடக்கப் பக்கம் வேண்டும் என்று வந்தவர் கேட்பார், உடனே எல்லாத் தலைப்பையும் மறுபடி டைப் செய்து, புள்ளி புள்ளியாக வைத்து, கடைசியில் பக்க எண்ணைக் கையால் போட்டுக் கொடுப்பார்கள். அப்புறம் நடுவில் ஒரே ஒரு படம் சேர்த்தால் போதும், அவ்வளவு எண்ணும் போச்சு.

வேர்டில் மேக்ரோ என்று ஒன்று இருக்கிறது, அது இந்தத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானே செய்துவிடும் என்பது பலருக்கும் தெரியும். அதனிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். மேலே சொன்ன நாலைந்து கிளிக்கை ஒரே கிளிக்காக ஆக்கித் தா என்றால் தரும். ஆனால் உள்ளடக்கம் அப்போதும் தானாக வராது. ஏன் வராது என்று தெரிய, ஃபைலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பேச்சுக்கு ஓர் அறிக்கையை வைத்துக்கொள்வோம். நீலகிரியின் ஆறு வட்டங்கள்: உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர். ஒவ்வொன்றுக்கும் மழை, உறைபனி, தேயிலை, மலைக்காய்கறி என்று குறிப்புகள். வட்டத்தின் பெயர் பெரிய தலைப்பு; மழையும் பனியும் உள்தலைப்பு. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும், குன்னூர் கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிசு. ஆக 'மழை' என்ற அதே உள்தலைப்பு ஆறு முறை வரும், ஆறு இடத்திலும் சேதி வேறு.

வேர்டு 2007இலிருந்து நாம் சேமிக்கும் டாக்எக்ஸ் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். நகல் ஒன்று எடுத்து, பெயரின் வாலில் இருப்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே நிறையச் சின்ன ஃபைல்கள் கிடக்கும், அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம். ஒன்றில் நீங்கள் அடித்த எழுத்தெல்லாம் பாரா பாராவாக இருக்கும். இன்னொன்றில் ஸ்டைல்கள் இருக்கும், அதாவது ஹெடிங் 1 என்றால் இந்த ஃபான்ட், இந்த அளவு, மேலே இவ்வளவு இடைவெளி என்ற வரையறைகள். கையால் பெரிதாக்கிய 'குன்னூர்' முதல் ஃபைலில் எப்படிப் பதிவாகியிருக்கும் தெரியுமா? சாதாரணப் பாரா, அதற்குள் தடித்த எழுத்து, அளவு 32. (வேர்டு அளவை அரைப் பாயின்ட் கணக்கில் எழுதிவைக்கும், அதனால்தான் 16 அங்கே 32.) இது தலைப்பு என்ற தகவல் எங்கேயும் இல்லை. ஹெடிங் 1 கொடுத்த 'குன்னூர்' என்றால், அந்தப் பாராவின் தொடக்கத்திலேயே ஸ்டைலின் பெயர் ஒட்டியிருக்கும், எழுத்தின் அளவைப் பற்றி அங்கே பேச்சே இருக்காது. தேயிலை ஃபேக்டரியில் மூட்டையின் மேலேயே கிரேடு எழுதியிருக்கும் அல்லவா, பிரித்து மோந்து பார்க்க வேண்டியதில்லை, அது மாதிரி.

உள்ளடக்கப் பக்கம் வேர்டில் ஒரு ஃபீல்டு, அதாவது வேர்டு தானே கணக்கிட்டு நிரப்பும் இடம். வழக்கமாக அது ஹெடிங் 1, 2, 3 என்ற பெயர் ஒட்டிய பாராக்களைத் தேடி எடுத்து, அவை எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கின்றன என்று பார்த்து வரிசையாக எழுதும். அளவு 16 ஆ, 60 ஆ என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. வேர்டு மாதிரியே இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸின் ஓடிடி ஃபைலில் இது இன்னும் வெளிப்படை: தலைப்புக்கு ஒரு குறி, சாதாரணப் பாராவுக்கு வேறு குறி, தலைப்பு என்றால் எத்தனையாவது நிலை என்ற எண்ணும் கூடவே.

ஆகவே மேக்ரோவின் வேலை எழுத்தை அழகாக்குவது கிடையாது, பெயர் ஒட்டுவதுதான். அழகு எல்லாம் ஸ்டைலுக்குள் ஒரே இடத்தில் இருக்கட்டும், நாளைக்கு நிறம் பிடிக்கவில்லை என்றால் ஒரு முறை மாற்றினால் ஆறு வட்டமும் மாறும்.

சரி, மேக்ரோ. வேர்டில் 'வியூ' பட்டையின் ஓரத்தில் மேக்ரோ பதிவு செய்யும் வசதி இருக்கிறது. பதிவை ஆரம்பித்து நீங்கள் செய்வதையெல்லாம் அது வி.பி.ஏ. என்ற நிரல்மொழியில் கட்டளைகளாக எழுதிக்கொண்டே வரும். வேர்டு 97இலிருந்து இதே மொழிதான். பதிவு ஓடும்போது மவுஸால் மெனுவைத் தொடலாம், ஆனால் எழுத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது, அதற்கு ஹோம், ஷிஃப்ட், எண்ட் என்று கீபோர்டுதான். பதிவான மேக்ரோவை ஆல்ட்+எஃப்11 அழுத்தித் திறந்து ஒரு தடவையாவது படித்துப் பாருங்கள், நன்றாகப் புரியும். ஃபான்ட் பெட்டியைத் திறந்து போல்டும் 16உம் கொடுத்திருந்தால், நீங்கள் தொடாத அடிக்கோடு, நிழல், நிறம் என்று அந்தப் பெட்டியில் இருந்த அத்தனையையும் வரி வரியாக எழுதி வைத்திருக்கும். ஹெடிங் 1 கொடுத்ததைப் பதிவு செய்திருந்தால் அதற்கு ஒரே வரி. பதிவு செய்யும் கருவி உங்கள் கை போன போக்கை மட்டுமே எழுதும், எதற்காகச் செய்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. முதல் வழியில் அந்த 'எதற்காக' காணாமல் போய்விடுகிறது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை. வேர்டு ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் இரண்டு அளவு, இரண்டு போல்டு, இரண்டு ஃபான்ட் வைத்திருக்கிறது. ஒன்று ஆங்கிலம் போன்றவற்றுக்கு, மற்றது அரபி, ஹீப்ரு, இந்திய மொழிகள் போன்ற சிக்கலான எழுத்துமுறைகளுக்கு. வி.பி.ஏ.யிலும் அப்படியே: சைஸ் என்று ஒன்று, சைஸ்பை என்று ஒன்று, போல்டு, போல்டுபை. இணையத்தில் கிடைக்கும் மேக்ரோ பெரும்பாலும் ஆங்கிலக்காரர் எழுதியது, அதில் முதல் வகை மட்டும்தான் இருக்கும். அதை அப்படியே ஓட்டிவிட்டு, எண்கள் மட்டும் பெருத்துத் தமிழ் இருந்த அளவிலேயே இருப்பதைப் பார்த்து ஃபான்ட்டைத் திட்டிக்கொண்டிருப்போம். லிப்ரே ஆபிஸிலும் இதே இரட்டைக் கணக்கு உண்டு. ஸ்டைலை ஒரு முறை திறந்து இரண்டு பக்கமும் சரியான ஃபான்ட்டும் அளவும் கொடுத்துவிட்டால், மேக்ரோவுக்கு இந்தக் கவலையே வராது.

புதிதாக எழுதும் அறிக்கைக்கு மேக்ரோவே வேண்டாம் என்பேன். கர்சரைத் தலைப்பில் எங்கேயாவது வைத்து கண்ட்ரோல்+ஆல்ட்+1 அழுத்தினால் ஹெடிங் 1, 2 அழுத்தினால் ஹெடிங் 2. ஏற்கனவே கையால் அலங்கரித்து முடித்த ஐம்பது பக்கம் கையில் வந்து விழும்போதுதான் மேக்ரோ தன் சம்பளத்துக்கு வேலை செய்கிறது. எல்லாத் தலைப்பும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி இருந்தால் ஃபைண்ட்-ரீப்ளேஸ் கூடப் போதும், வடிவத்தைத் தேடி ஸ்டைலாக மாற்ற அதற்குத் தெரியும். ஆனால் கையால் செய்தது எங்கே ஒரே மாதிரி இருக்கிறது? உதகமண்டலம் 16, கூடலூர் 15, பந்தலூருக்கு வரும்போது கை அசந்து 18.

அந்த மேக்ரோவின் எலும்புக்கூடு சின்னதுதான்: ஆவணத்தின் முதல் பாராவிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக எடு, இது தலைப்பா என்று சோதி, ஆம் என்றால் ஸ்டைலை ஒட்டு. அந்தச் 'சோதி'யில்தான் நம் மூளை முழுக்கச் செலவாகும். நாம் பக்கத்தைப் பார்த்த உடனே இது தலைப்பு என்கிறோம், எதை வைத்துச் சொன்னோம் என்று கேட்டால் முழிக்கிறோம். கொஞ்சம் யோசித்தால் சில அடையாளம் சிக்கும்: வரி குட்டையாக இருக்கும், முற்றுப்புள்ளியில் முடியாது, முழுக்க போல்டாக இருக்கும், அட்டவணைக்குள் இருக்காது. அட்டவணை நிபந்தனையை மறந்தால் மழை அளவுப் பட்டியலின் 'மாதம்', 'மி.மீ.' எல்லாம் உள்ளடக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு நிபந்தனையிலும் ஒரு கண்ணி உண்டு. பாராவின் எழுத்தை வேர்டிடம் கேட்டால், கண்ணுக்குத் தெரியாத பாராக் குறியையும் சேர்த்துத்தான் கொடுக்கும். அதனால் கடைசி எழுத்து முற்றுப்புள்ளியா என்று நேராகக் கேட்டால் எப்போதும் இல்லை என்றே பதில் வரும், அந்தக் குறியை வெட்டிவிட்டுக் கேட்க வேண்டும். வெறும் பாராவுக்குக்கூட நீளம் 1 என்று வருவதும் இதனால்தான். போல்டா என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டு பதிலோடு மூன்றாவதாக 9999999 என்ற விசித்திர எண்ணும் வரலாம். பாதி போல்டு, பாதி சாதாரணம் என்று அதற்கு அர்த்தம். 'உறைபனி:' என்று போல்டில் ஆரம்பித்து அதே வரியில் விஷயத்தைத் தொடர்ந்திருப்பார்களே, அந்தப் பாராக்கள் இப்படித்தான் மாட்டும், அவற்றைத் தலைப்பாக்கக் கூடாது. தமிழுக்கு போல்டுபையையும் கேட்பது நல்லது.

நீளத்தை அளப்பதிலும் நம் கணக்கு வேறு, கம்ப்யூட்டர் கணக்கு வேறு. கோத்தகிரி நமக்கு 5 எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் கொம்பு, புள்ளி, சுழி எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதால் அதற்கு 9. உதகமண்டலம் நமக்கு 8, அதற்கு 10. ஆகவே ஆங்கில மேக்ரோவில் தலைப்பின் நீளத்துக்கு 40 என்று வரம்பு வைத்திருந்தால், தமிழுக்கு 60, 70 என்று தாராளமாக விட வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி, எங்கே முடியுமோ அங்கே ஊகிப்பதை விட்டுவிடுவது. நம் அறிக்கையில் பெரிய தலைப்புகள் ஆறுதான், ஆறும் தெரிந்த பெயர்கள். வரி இந்த ஆறில் ஒன்றாக இருந்தால் ஹெடிங் 1, மற்ற சோதனைகளில் தேறியவை ஹெடிங் 2. ஆனால் பெயர்களை வி.பி.ஏ. எடிட்டரில் தமிழிலேயே அடிக்கப் போனால் கேள்விக்குறி கேள்விக்குறியாக வரும், அந்த எடிட்டருக்கு யூனிகோடு தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாகக் கொடுக்கலாம் (ஊ என்றால் 2954, க என்றால் 2965), பொறுமை வேண்டும். அதைவிட, ஆறு பெயரையும் ஒரு சின்ன வேர்டு ஃபைலில் அடித்து வைத்து, மேக்ரோவை அங்கிருந்து படிக்கச் சொல்வது மேல். லிப்ரே ஆபிஸின் எடிட்டரில் தமிழை நேராகவே அடிக்கலாம். பெயர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தவில்லை என்றால் ஓகாரத்தைச் சந்தேகியுங்கள்: 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம், பார்க்க வித்தியாசமே தெரியாது. பழைய ஃபான்ட்டில் அடித்த ஆவணம் என்றால் உள்ளே இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள் தமிழ் வேஷம் போட்டிருக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

ஸ்டைலை ஒட்டும்போது 'ஹெடிங் 1' என்று பெயரால் சொல்வதைவிட -2 என்று எண்ணால் சொல்லுங்கள். வேர்டின் உள்ளே ஹெடிங் 1க்கு -2, ஹெடிங் 2க்கு -3 என்று நிரந்தர எண் உண்டு, இடைமுகம் எந்த மொழியில் இருந்தாலும் வேலை செய்யும். ஒட்டுவதற்கு முன் அந்தப் பாராவின் பழைய அலங்காரத்தை ரீசெட் செய்துவிடுவது உத்தமம், இல்லாவிட்டால் பழைய 18 அங்கங்கே மிச்சமிருக்கும். கையால் போட்ட '1.', '2.' இருந்தால் அதையும் வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்டைலில் தானியங்கி எண் இருந்தால் அதுவும் சேர்ந்து '1. 1. குந்தா' என்று நிற்கும். ஓட்டும் முன் நகல் எடுப்பது கட்டாயம். வழக்கமாக மேக்ரோ செய்ததை ஒவ்வொரு படியாகத்தான் திரும்பப் பெற முடியும், நூறு தடவை கண்ட்ரோல்+இசட் யார் அடிப்பது? வேர்டு 2010இலிருந்து எல்லாவற்றையும் ஒரே அன்டூவாகக் கட்டும் வசதி வி.பி.ஏ.யில் வந்திருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளலாம்.

மேக்ரோ டாக்எக்ஸ் ஃபைலில் தங்காது. மேக்ரோவையும் சேர்த்து வைக்கும் டாக்எம் ஆகச் சேமிக்க வேண்டும், அல்லது எல்லா ஆவணத்துக்கும் பொதுவான வேர்டின் பொது டெம்ப்ளேட்டில் வைக்க வேண்டும். நான் பொது டெம்ப்ளேட் கட்சி. அறிக்கையோடு மேக்ரோ ஊர் சுற்ற வேண்டிய அவசியம் இல்லை. குன்னூரில் ஒட்டிய தலைப்புகள் ஃபைலிலேயே இருப்பதால் ஊட்டியில் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் இருக்கும், மேக்ரோவே ஓடாத போன் வேர்டிலும் இருக்கும். வேறு யாரோ அனுப்பிய டாக்எம் ஃபைலை யோசிக்காமல் 'எனேபிள்' செய்வது ஆபத்து. 1995இல் கான்செப்ட், 1999 மார்ச்சில் மெலிஸா என்று வேர்டு மேக்ரோ வழியாகவே வைரஸ்கள் பரவியிருக்கின்றன. 2022இலிருந்து, இணையத்தில் இறங்கிய ஃபைலின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. அந்தத் தடை எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும்.

ஆறு 'மழை' இருந்ததே, எது எந்த வட்டத்து மழை என்று படிக்கிறவருக்குக் காட்ட மேக்ரோ தேவையே இல்லை. பக்கத்தின் மேல்பகுதியில் ஸ்டைல்ரெஃப் என்ற ஃபீல்டை வைத்து ஹெடிங் 1 என்று சொல்லிவிட்டால், அந்தப் பக்கத்தில் உள்ள முதல் ஹெடிங் 1 எதுவோ அதை எடுத்து மேலே காட்டும், அந்தப் பக்கத்தில் இல்லையென்றால் முந்தைய பக்கங்களில் பின்னோக்கித் தேடும். பந்தலூர் மழையைப் படிக்கிறவர் தலையை நிமிர்த்தினால் 'பந்தலூர்' என்று இருக்கும். வட்டத்துக்கு வட்டம் செக்‌ஷன் பிரேக் போட்டு ஆவணத்தைத் தனித்தனிப் பகுதியாகப் பிரித்து, மேலே கையால் பெயர் அடிக்கும் வேலை மிச்சம்.

எல்லாம் முடிந்ததும் கண்ட்ரோல்+எஃப் அழுத்தி, இடது பக்கம் வரும் நேவிகேஷன் பட்டையில் தலைப்புகளின் பட்டியலை மேலிருந்து கீழே ஓட விடுங்கள். தப்பானது அங்கே துருத்திக்கொண்டு நிற்கும். '2019 ஆகஸ்ட், அவலாஞ்சி' என்று போல்டில் எழுதிய படக்குறிப்பு ஒன்று குந்தா வட்டத்துக்குக் கீழே தலைப்பாகியிருக்கும் (ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்த அந்த ஆகஸ்ட்தான், படம் இல்லாமல் இருக்குமா), கடைசிப் பக்கத்து 'நன்றி'யும் 'இப்படிக்கு'வும் சேர்ந்திருக்கும். படக்குறிப்பையும் 'இப்படிக்கு'வையும் கர்சரை வைத்து கண்ட்ரோல்+ஷிஃப்ட்+என் அழுத்தி சாதாரணப் பாராவாக்குங்கள், நன்றி தலைப்பாக இருக்கலாமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம், பிறகு உள்ளடக்கத்தில் கிளிக் செய்து எஃப்9.