தவிட்டுக்குள் மருந்தைத் தேடிய கஸிமியெஷ் ஃபுங்க்

கஸிமியெஷ் என்பது போலந்து மன்னர்கள் தாங்கிய பழம்பெயர். 1364இல் கிராகோவ் பல்கலைக்கழகத்தை நிறுவிய மூன்றாம் கஸிமியெஷ் அவர்களுள் புகழ்மிக்கவர். அறிவியலிலோ இப்பெயர் வார்சாவில் பிறந்த இருவரால் நிலைத்தது. ஓர் அணு ஆல்ஃபாத் துகளை உமிழ்ந்தால் தனிம அட்டவணையில் இரண்டு இடம் பின்னுக்கும், பீட்டாத் துகளை உமிழ்ந்தால் ஓரிடம் முன்னுக்கும் செல்லும் என்று 1913இல் வகுத்துக் காட்டியவர் கஸிமியெஷ் ஃபயான்ஸ். மற்றவர் கஸிமியெஷ் ஃபுங்க் (1884–1967). அரிசி உண்ணும் மக்கள் இன்னும் நன்றாக அறிந்திருக்க வேண்டிய பெயர் இவருடையது என்பேன்.

கைகால் மரத்து, கால் வீங்கி, இறுதியில் இதயத்தையே செயலிழக்கச் செய்யும் பெரிபெரி நோய்க்குக் கிருமியே காரணம் என்று பலர் நம்பிய காலம் அது. தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்குக் கால் முடங்குவதையும், தவிடு நீங்காத அரிசி கொடுத்தால் அவை தேறுவதையும் டச்சு மருத்துவர் எய்க்மன் 1890களில் ஜாவாவில் கண்டிருந்தார். லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுங்க், 1911இல் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்த செறிவான சாற்றைக் கொண்டு முடங்கிய புறாக்களைக் குணப்படுத்தினார். மறு ஆண்டே, பெரிபெரியும், ஈறுகளில் இரத்தம் கசியும் ஸ்கர்வியும், தோல் புண்ணாகும் பெல்லக்ராவும் உணவில் ஏதோ ஒன்று இல்லாததால் வருபவை என்று துணிந்து எழுதி, அந்தப் பொருள்களுக்கு வைட்டமின் என்ற பெயரையும் சூட்டினார். அவர் எடுத்த படிகங்கள் தூயவை அல்ல. பெரிபெரியைத் தடுக்கும் தவிட்டு வைட்டமினான தயமின் (வைட்டமின் B1) தூய நிலையில் 1926இல்தான் வேறு இருவர் கைக்குக் கிட்டியது. ஆயினும் நோய்க்கு ஓர் இன்மையும் காரணமாகலாம் என்ற அவருடைய கருத்து அதனால் சிறிதும் குறைந்துவிடவில்லை.

சோற்றிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாகி, உயிரணுவுக்குள் பைருவிக் அமிலமாக உடைகிறது. அந்த அமிலம் உயிரணுவின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் மேற்கொண்டு எரிந்து ஆற்றல் தர வேண்டுமானால், முதலில் அதிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு நீங்க வேண்டும். இதைச் செய்யும் நொதி, தயமினிலிருந்து உருவாகும் துணைப்பொருள் இன்றி இயங்காது. அது இல்லாதபோது பைருவிக் அமிலமும் லாக்டிக் அமிலமும் தேங்க, இடைவிடாமல் ஆற்றல் தேவைப்படும் நரம்பும் இதயமும் முதலில் தளர்கின்றன. உடலில் தயமின் இருப்பு சில வாரங்களுக்கே போதும் என்பதால், தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பி வாழ்பவரை இக்குறை விரைவில் தாக்குகிறது.

புழுங்கல் அரிசி உண்டவர்களிடம் இந்நோய் அரிதாக இருந்ததும் இதனால்தான்: நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குச் சென்றுவிடுவதால், பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதுமாகத் தவிட்டோடு போய்விடுவதில்லை.