வெள்ளைப் புகையா, புகையே இல்லையா? பழைய டிராக்டர் பிடிக்காதபோது

பர்மாவில் பெகு பக்கம் நெல் அறுத்த கையோடு, நிலத்தில் ஈரம் காய்வதற்குள் உழுது உளுந்து விதைத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் பழைய மேசி ஃபெர்குசன் 135, செல்ஃப் அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. உடனே டீசலைத் தள்ளும் பம்பையும், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலையும் கழற்றி ரங்கூனுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் என்ன வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

டீசல் எஞ்சினில் பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும் அல்லவா, அதேதான் இங்கே பெரிய அளவில் நடக்கிறது. காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அது டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும் அளவுக்குக் கொதிக்கும். அதற்குள் டீசலை நாசில் மெல்லிய தூவலாகப் பீய்ச்ச வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, சூடு போதவில்லை. புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை.

நம் ஊரில் அதிகம் பார்ப்பது இரண்டாவதுதான். முதலில் எஞ்சினை நிறுத்த இழுக்கும் கேபிளைப் பாருங்கள். மழைக்காலம் முழுக்கத் துருவேறி, குமிழைத் தள்ளினாலும் பம்பின் மேலுள்ள லீவர் நிறுத்தும் இடத்திலேயே நின்றுவிடும், கையால் தள்ளிவிட்டால் சரி. அடுத்தது டேங்க் மூடி. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று நுழைய மூடியில் ஒரு சிறு துளை உண்டு. மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க மூடிக்கு அடியில் பாலித்தீன் வைத்து இறுக்கினால் அதுவும் அடைபட்டுப் போகும். வண்டி கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, இழுவை குறைந்து, நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் காரணம் தெரிந்துவிட்டது.

அப்புறம் தண்ணீர். ரோட்டோரத்தில் பீப்பாயிலிருந்து பாட்டிலுக்கு ஊற்றி விற்கிற டீசல் என்றால் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பாருங்கள். டீசலைவிடத் தண்ணீர் கனம், அதனால் சற்று நேரத்தில் அடியில் தனிக்கோடாகப் பிரிந்து நிற்கும். அந்தக் கோட்டை ஒட்டிக் கறுப்பாக, வழுவழுவென்று ஏதாவது மிதந்தால் அது தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் வளரும் கிருமிகளின் படலம். ஃபில்டரை மட்டும் மாற்றினால் அது மறுபடி அடைக்கும், டேங்கையே கழுவ வேண்டும்.

ஃபில்டர் மாற்றினாலோ டேங்க் வற்றினாலோ டீசல் குழாயில் காற்றுப் புகுந்து ஏர் பிடித்துக்கொள்ளும். நாசில் திறக்க, வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேலான அழுத்தம் டீசலில் வேண்டும். டீசலை நெருக்க முடியாது, அதனால் பம்பு தள்ளியது அப்படியே நாசிலுக்குப் போய்ச் சேரும், ஆனால் குழாயில் ஒரு குமிழி இருந்தால் பம்பின் தள்ளலெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும், நாசில் திறக்கவே திறக்காது. எனவே ஏர் எடுக்கும்போது டீசல் போகும் வழியிலேயே போங்கள்: முதலில் ஃபில்டர் தலையின் திருகு, அடுத்து பம்பின் திருகுகள், கடைசியில் நாசில் நட்டுகள். டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன பம்பின் கை லீவரை அடிக்க அடிக்க நுரையாக வருவது, குமிழியில்லாமல் தெளிவாக வரும்போது திருகை மூடுங்கள். லீவர் தொளதொளவென்று ஆடினால் அது கெட்டுப்போகவில்லை, உள்ளே அந்தப் பம்பைத் தள்ளும் கேமின் மேடு உயர்ந்து நிற்கிறது. எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் பிடிப்பு வரும். நாசில் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிக்கும்போது கையை அருகில் கொண்டுபோகவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

இனி வெள்ளைப் புகை. மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டன் ரிங்குகள் வழியே கசியும், சூடும் சிலிண்டர் சுவருக்குப் போய்விடும். எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுமுன் பேட்டரி முனைகளையும் எர்த் பட்டையையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வேகமாகச் சுற்றிப் புகை மட்டும் வந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று சரியாக நெருங்குகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். சட்டென்று பற்றும் ஈதரைக் காற்று வழியில் அடித்துப் பிடிக்க வைக்கலாம் என்பார்கள், கேட்காதீர்கள். இந்த வண்டிகள் பலவற்றில் காற்று நுழையும் வழியில் தணலாகச் சிவக்கும் ஹீட்டர் இருக்கிறது. அது சூடாக இருக்கும்போது ஈதர் போனால் சிலிண்டருக்கு வெளியிலேயே வெடிக்கும்.