கொடியில் காயும் கணக்கு: பச்சிளங்குழந்தைக்கு எத்தனை துணி வேண்டும்?

என் மகள் பிறந்தது கார்த்திகை மாத அடைமழையில். பிள்ளை பிறப்பதற்கு முன் புதுத்துணி வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால், பிறந்த மறுநாள்தான் நான் கடைக்குப் போய் ஒரு டஜன் நாப்கினும் ஆறு சட்டையும் வாங்கி வந்தேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் மனைவியின் தாய்வீட்டுக்குக் குழந்தை வந்த மூன்றாம் நாள் மாலை, உலர்ந்த துணி ஒன்றுகூட எஞ்சவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கொடிகளில் எல்லாம் ஈரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. என் மாமியார் பெட்டியிலிருந்து மாமனாரின் பழைய வேட்டிகள் இரண்டை எடுத்துக் கிழித்துத் தந்த பிறகே அன்றிரவு கழிந்தது. ஆனால் இதே ஒரு டஜன், அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சித்திரையில் பிறந்த என் அண்ணன் மகனுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரே ஊர், ஒரே வயது, ஒரே எண்ணிக்கை. ஓரிடத்தில் போதியது இன்னோரிடத்தில் போதாமற்போனதற்குக் காரணம் குழந்தையிடம் இல்லை, கொடியில் இருக்கிறது. வரிசைகளைப் பற்றி ஆராய்ந்த ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் மெய்ப்பித்த எளிய விதி ஒன்று உண்டு: ஓர் அமைப்புக்குள் எந்த நேரத்திலும் சராசரியாக எத்தனை பொருள்கள் இருக்கும் என்பது, அவை வந்து சேரும் வேகத்தை ஒவ்வொன்றும் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். வங்கி வரிசைக்கும் தொழிற்சாலைக்கும் பொருந்தும் இவ்விதி, நனைந்து வாளிக்குப் போய், துவைக்கப்பட்டு, காய்ந்து, மடிக்கப்பட்டு அலமாரிக்குத் திரும்பும் குழந்தைத் துணிக்கும் அப்படியே பொருந்தும்.

துணி நனையும் வேகத்தை முதலில் பார்ப்போம். பிறந்த முதல் நாளில் குழந்தை ஓரிரு முறைதான் சிறுநீர் கழிக்கும். தாய்ப்பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கும் ஐந்தாம் நாளுக்குப் பின், ஒரு நாளில் குறைந்தது ஆறு முறையாவது கழிப்பதே பால் போதுகிறது என்பதற்கு அடையாளம் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். நடைமுறையில் அது பத்தைத் தாண்டுவதே அதிகம். குழந்தையின் சிறுநீர்ப்பை மிகச் சிறியது. சிறுநீரைச் செறிவாக்கும் திறன் அதன் சிறுநீரகத்துக்குப் பெரியவர்களுடையதில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால், கழிவை வெளியேற்ற அதிக நீரைச் செலவிட வேண்டியிருக்கிறது. மலம் கழிப்பதையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 14 துணி என்று வைத்துக்கொள்வோம்.

காலை 6 மணிக்கும் பகல் 1 மணிக்குமாக இருவேளை துவைக்கும் வீடு அது என்றும், வெயிலில் துணி 3 மணி நேரத்தில் காயும் என்றும் கொண்டால், ஒரு துணி துவைக்கக் காத்திருக்கும் நேரமும் காயும் நேரமும் சேர்ந்து சராசரியாக 10 மணி நேரம் ஆகும். லிட்டிலின் விதிப்படி சுமார் 6 துணிகள்தான் சுற்றில் இருக்கும். ஆனால் சராசரியை நம்பித் துணி வாங்குகிறவர் விடியற்காலையில் தவித்துப்போவார். பகல் 1 மணிக்குப் பிறகு நனைபவை மறுநாள் காலை 6 மணி வரை, அதாவது 17 மணி நேரம், வாளியில்தான் கிடக்கும். அவை மட்டுமே 10 ஆகிவிடும். துவைத்தவை காய்வதற்குள் இன்னும் இரண்டு நனையும். ஆகவே வெயில் காலத்தின் உச்சத் தேவை 12. கைக்காவலாக மூன்று சேர்த்தால் 15. மழைக்காலத்தில் துணி வீட்டுக்குள் காய 30 மணி நேரம் ஆகிறது என்றால், அந்த 17 மணி நேரத்தோடு இது சேர்ந்து 47 மணி நேரமாகிறது. அதற்குள் 27 துணிகள் நனைந்திருக்கும். காவலுக்கு மூன்று சேர்த்தால் 30. என் ஒரு டஜன் ஏன் தோற்றது என்பது எனக்கு இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் விளங்கியது.

காயும் நேரம் இவ்வளவு மாறுவது ஏன்? ஒரு கன மீட்டர் காற்று 36 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 42 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 50 விழுக்காடாக இருந்தால் இன்னும் 21 கிராமுக்கு இடம் இருக்கிறது. மழை நாளில் 25 டிகிரியில் அதே காற்று தாங்கக்கூடியது 23 கிராம்தான்; ஈரப்பதம் 90 விழுக்காடு எனில் எஞ்சும் இடம் 2 கிராமைச் சற்றே தாண்டும். துணியிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளக் காற்றில் இருக்கும் இடம் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய இடத்தை ஓரளவு ஈடுகட்டுவது காற்றோட்டம். துணியை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை மின்விசிறி தள்ளிவிட்டுப் புதுக்காற்றைக் கொண்டுவரும்; அதனால் அடைத்த அறையில் நெருக்கமாகப் போடுவதைவிட, விசிறிக்கு நேராக இடைவெளி விட்டுப் போடுவது விரைவில் காய வைக்கும்.

கடற்கரையை ஒட்டிய நம் கடலூர், புதுச்சேரிப் பகுதிக்கு மேலும் ஒரு தொல்லை உண்டு. பருத்தியிழை காற்றின் ஈரத்தைத் தானாகவே இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. அதோடு கடற்காற்றில் மிதந்து வரும் உப்புத் துகள்களும் துணியில் படிகின்றன. சமையல் உப்பு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ பகலில் மொறுமொறுவென்று காய்ந்த துணியை அந்தி சாயும்வரை கொடியிலேயே விட்டால், எடுக்கும்போது கை பிசுபிசுப்பது இதனால்தான். மாலைக்கு முன் எடுத்து மடித்து வைத்துவிட வேண்டும்.

மாமியார் கிழித்துத் தந்த வேட்டித் துண்டுகளைப் பற்றி நான் பிறகு வெகுநேரம் யோசித்திருக்கிறேன், ஏனெனில் மறுநாள் முதலில் காய்ந்தவை அவைதான். துணி காயும் நேரத்தைத் தீர்மானிப்பது, அதன் ஒவ்வொரு சதுர அங்குலமும் எவ்வளவு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது. பல அடுக்காகச் சேர்த்துத் தைத்த நாப்கின் நிறைய உறிஞ்சும். ஆனால் துவைத்த பிறகும் அந்த அடுக்குகள் பிரிவதில்லை, நடு அடுக்கின் ஈரம் வெளியே வர வழி தேடிக்கொண்டிருக்கும். வேட்டித் துண்டோ, முக்கோணமாக நான்காய் மடித்துக் கட்டும்போது தடித்து உறிஞ்சுகிறது. பிரித்துக் கொடியில் போட்டால் ஒற்றை அடுக்காகிக் காற்றில் பறக்கிறது. உறிஞ்சும்போது தடிமன், உலரும்போது மெலிவு என்ற இரண்டு தேவையையும் வெறும் மடிப்பு நிறைவேற்றிவிடுகிறது. பலமுறை துவைத்ததில் கஞ்சியும் நெசவுப் பசையும் போய், நூல் தளர்ந்து மென்மையாகியிருப்பது இன்னொரு நன்மை. குழந்தையின் மேல்தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. சிறுநீரும் மலமும் கலந்து தோலின் அமிலத்தன்மை குறையும்போது மலத்திலுள்ள நொதிகள் அதை எளிதில் அரித்துவிடும். எனவே உலர்ந்த துணி கையில் இருப்பது வசதி மட்டுமன்று, புண் வராமல் காப்பதும் ஆகும்.

சட்டைகளின் கணக்கு வேறு. இங்கே ஈரத்தைவிட வெப்பமே முதன்மையானது. மூன்று கிலோ குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு இருக்கும் தோலின் பரப்பு, பெரியவர்களுக்கு இருப்பதைப் போல இரண்டரை மடங்கு. எடை குறைவு, பரப்பு மிகுதி என்பதால் வெப்பம் விரைவாக வெளியேறும். பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு தலைக்கே உரியது. பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளப் பச்சிளங்குழந்தைக்கு இயலாது. அதற்கு மாற்றாகத் தோள்பட்டைகளுக்கு இடையிலும் கழுத்தைச் சுற்றியும் சிறுநீரகங்களின் மேலும் பழுப்புக் கொழுப்பு என்ற சிறப்புத் திசு இருக்கிறது. அது தன் ஆற்றலை நேரடியாக வெப்பமாக்குகிறது. அந்த இருப்பு எல்லையற்றதன்று. ஆகவேதான் பெரியவர்களைவிட ஓரிரு அடுக்குகள் கூடுதலாக உடுத்த வேண்டும் என்றும், முதல் குளியலைக் குறைந்தது 24 மணி நேரம் தள்ளிப்போட வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இந்த அறிவுரையை அக்கினி நட்சத்திரத்தில் புதுச்சேரியில் பின்பற்றும்போது கவனம் வேண்டும். அந்த வெயிலில் நாம் ஒரு மெல்லிய பனியனோடு இருக்கிறோம் என்றால், குழந்தைக்கு ஒரு மெல்லிய சட்டையும் மேலே ஒரு சுற்றுத்துணியும் போதும். குழந்தையின் வியர்வைச் சுரப்பிகள் இன்னும் சரியாக வேலை செய்யத் தொடங்கவில்லை. அவற்றின் நாளங்கள் எளிதில் அடைபட்டு வேர்க்குரு வரும். புழுக்கமான அறையில் குல்லாவையும் காலுறையையும் மாட்டி வைப்பது, வெப்பம் வெளியேறும் முக்கிய வழியை மூடிவிடுவதாகும். குளிரூட்டிய அறைக்கும் மழை இரவுக்கும் குல்லா இரண்டு இருந்தால் போதும். போதிய துணி உடுத்தியிருக்கிறோமா என்று அறியக் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் இதமான சூட்டில் இருந்தால் சரி. வயிறு சூடாக, பாதம் சில்லென்று இருந்தால் இன்னோர் அடுக்கு வேண்டும், அல்லது தாயின் மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சில்லிட்டிருந்தால் மருத்துவரிடம் விரைய வேண்டும்.

பால் கக்குவதாலும் நனைவதாலும் நாளுக்கு மூன்று அல்லது நான்கு சட்டை மாறும். மேற்கண்ட அதே கணக்கில், கோடையில் ஐந்தும் மழைக்காலத்தில் எட்டும் போதுமானவை. இதற்கு மேல் வாங்குவதைக் குழந்தையின் வளர்ச்சி வீணாக்கிவிடும். 50 செ.மீ. நீளத்தில் பிறக்கும் குழந்தை முதல் மூன்று மாதங்களில் மாதத்துக்கு 3 செ.மீ.க்கு மேல் வளர்ந்து, மூன்றாம் மாத முடிவில் 60 செ.மீ.யை எட்டுகிறது, ஐந்து மாதம் ஆகும்போது எடை இருமடங்காகிறது. பிறந்தபோது தைத்தாற்போல் பொருந்தும் சட்டை சில வாரங்களில் ஏறாது. முன்பக்கம் திறந்து பக்கவாட்டில் கயிறு கட்டும் ஜப்லா இங்கே கைகொடுக்கிறது: உடம்பு பருக்கப் பருக்கக் கயிற்றைத் தளர்த்திக் கட்டலாம், தலை வழியே மாட்ட வேண்டியதும் இல்லை. சட்டை கொண்டுவர விரும்பும் உறவினரிடம் ஆறு மாத அளவைக் கேட்கலாம். சித்திரையில் பிறந்த குழந்தைக்கு அப்போது ஐப்பசி மழை தொடங்கியிருக்கும் என்பதையும் சொல்லலாம். கடலூர் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தை என்றால், தமிழக அரசு 2015 முதல் வழங்கிவரும் பரிசுப் பெட்டகத்தில் துண்டும் உடையும் நாப்கினும் கொசுவலையும் இருக்கும் என்பதால் அவற்றைக் கழித்துக்கொண்டு வாங்கலாம்.

கையுறையும் காலுறையும் வாங்கினால், அவற்றின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்து, தொங்கும் நூலை வெட்டிவிட வேண்டும். விரலில் சுற்றிய நூல் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். புதுத்துணி எதுவானாலும் ஒருமுறை துவைத்து உடுத்த வேண்டும், ஏனெனில் சுருங்காமல் இருக்க ஏற்றும் வேதிப்பொருள்களின் எச்சம் அதில் இருக்கலாம்.

இரவு ஒன்பதிலிருந்து விடியும்வரை மட்டும் டயப்பர் கட்டினால், வாளியில் சேர்வது ஓர் இரவுக்கு ஐந்து துணி குறையும். மழைக்காலத்தின் அந்த 47 மணி நேரத்துக்குள் இரண்டு இரவுகள் அடங்குவதால், 30 என்ற எண்ணிக்கை 20 ஆகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பிள்ளைப்பேறு எதிர்நோக்கும் வீடுகளுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை; 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையேறிய வேளையில் புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் இயங்காத அந்த நாள்களில் எதுவும் காயாது. நன்றாக வெயிலில் காய வைத்த பத்துப் பன்னிரண்டு பழைய வேட்டித் துண்டுகளையும் இரண்டு சட்டைகளையும் ஒரு சுற்றுத்துணியையும் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வெள்ளம் ஏறாத பரண்மேல் முன்கூட்டியே வைத்துவிட வேண்டும்.