பழைய ராலே சைக்கிளின் வயதை எங்கே படிப்பது?

விற்பவர் பழைய ராலேயை வாசலில் நிறுத்தியதும் கண் முதலில் பெயின்டின் மீதுதான் போகும். அதைச் சற்று ஒத்திவையுங்கள். குனிந்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பின்சக்கரத்தின் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுவில் கியர்களை உள்ளடக்கிய உருளையை, துடையுங்கள். பல வருட எண்ணெய்ப் பிசுக்கு விலகியதும் அதைச் செய்த ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் பெயரும், அதன் மூன்று கியர் ஹப்பின் மாடலைக் குறிக்கும் ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும், அருகில் சில எண்களும் தெரியும். 58, 10 என்றிருந்தால் அந்த ஹப் 1958 அக்டோபரில் செய்யப்பட்டது. மூன்று கியர் கொண்ட ராலேயின் வயதைச் சொல்ல இதைவிட எளிய சான்று கிடையாது.

ஆனால் சக்கரம் கழற்றி மாட்டக்கூடியது. ஆகவே மற்ற பாகங்களையும் விசாரிக்க வேண்டும். கம்பிகளை எண்ணுங்கள்: பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 இருக்கும். இரண்டிலும் 36 இருந்தால் சக்கரம் பிற்பாடு மாற்றப்பட்டதோ என்று கேட்கலாம். பெடல் பல்சக்கரத்தில் ராலேயின் அடையாளமான கொக்குத் தலைகள் இருக்கின்றனவா? முன்பக்கத் தகட்டில் எந்த ஊர்ப் பெயர்? ராலேயின் தாய்வீடு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம். மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே ஆலையும் அந்தப் பெயரில் சைக்கிள் செய்தது. அதைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் நாட்டிங்ஹாம் விலையைக் கேட்டால் கொடுக்கக் கூடாது.

இனி ஹப்பின் உள்ளே. 1936இல் வந்த ஏ.டபிள்யூ.வின் நடுவில் 20 பற்கள் கொண்ட சிறு பல்சக்கரம் அச்சோடு அசையாமல் நிற்கிறது. அதைச் சுற்றி நான்கு குட்டிப் பல்சக்கரங்கள் ஒரு கூண்டில் உருள்கின்றன. எல்லாவற்றையும் சூழ்ந்து 60 உட்பற்கள் கொண்ட ஒரு வளையம். செயின் வளையத்தைச் சுழற்றி, கூண்டு சக்கரத்தை இழுத்தால் வேகம் 60/(60+20), அதாவது முக்கால் பங்கு. மேடு ஏற உதவுவது இதுதான். செயின் கூண்டைச் சுழற்றி, வளையம் சக்கரத்தை இழுத்தால் அதே கணக்கு தலைகீழாகி, வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். நடு கியரில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை.

பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலை முன்னோக்கிச் சுற்றுங்கள். முதல் கியரில் ஹப் மௌனமாக இருக்க வேண்டும். மற்ற இரண்டிலும் டிக் டிக் என்ற ஓசை வரும். கூண்டு சக்கரத்தைவிட மெதுவாகச் சுழல்வதால் அதன் கொக்கிகள் பற்களின் மேல் தாவும் ஓசை அது. நடு கியருக்கும் மேல் கியருக்கும் இடையில் பெடல் வெறுமனே சுற்றினால் பயந்துவிடாதீர்கள். பெரும்பாலும் கேபிள் தளர்ந்திருக்கும். திருகைச் சற்று முறுக்கினால் சரியாகும். இதைக் காரணம் காட்டி நல்ல ஹப்பைத் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும்.

உண்மையான ஆபத்து சட்டத்தில் ஒளிந்திருக்கும். ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாயை ஒட்டி, சாய்ந்து இறங்கும் கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். சைக்கிள் எதிலாவது மோதினால் முன்சக்கரம் ஃபோர்க்கைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த விசை குழாயின் அடிப்பக்கத்தைத்தான் நசுக்குகிறது. இரும்பு அங்கே மெல்ல மடிந்து புடைக்கும். புதுப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தப்பலாம், விரலுக்குத் தப்பாது. ஒருமுறை பளபளக்கும் பச்சைச் சட்டத்தில் அப்படி ஒரு மேடு தட்டுப்பட்டதும் பேரத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

விலை பேசும்போது டயரையும் பிரேக் கட்டையையும் பெரிதாக நினைக்காதீர்கள். 28 × 1½ அளவு டயர் இந்தியாவில் இன்னும் தயாராகிறது. சக்கரக் கோட்டத்தையும் எடுத்துவிடலாம். ஆனால் பெடல் அச்சைத் தாங்கிச் சட்டத்தில் திருகப்படும் கிண்ணங்களில் ராலே அங்குலத்துக்கு 26 மரை வைத்தது. மற்ற பிரிட்டிஷ் சைக்கிள்களில் 24. ஆகவே கிண்ணம் தேய்ந்திருந்தால் கடையில் கிடைப்பது பொருந்தாது. முழு செயின் கவர், பழைய ப்ரூக்ஸ் தோல் சீட், பொன்கோடு மங்காத அசல் பெயின்ட் ஆகிய மூன்றுக்கும் கூடுதலாகக் கொடுக்கலாம். துரு பூத்த அசல் பெயின்டே எனக்குப் பெரிது. மறுபெயின்ட் அடித்துவிட்டால் அந்தப் பொன்கோடு திரும்ப வராது.

பணத்தை எடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி: சீட்டின் கீழ்த் திருகைத் தளர்த்தி, சீட்டை இடமும் வலமும் திருப்புங்கள். அசையவில்லை என்றால் சீட் தண்டு சட்டக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் அந்த உழைப்பையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.