விதைக்காத நிலத்துக்கும் வாடகை: அமெரிக்க விவசாயிக்கு இரண்டு வழிகள்

பயிர் வைக்காமல் இருந்தால் அரசாங்கம் காசு தருமா? அமெரிக்காவில் தருகிறது. ஆனால் நிலத்தைச் சும்மா போட்டுவைப்பதற்கு அல்ல, அங்கே பழைய புல்லையும் நீரையும் திரும்பக் கொண்டுவருவதற்கு.

முதல் வழி, 1985-இல் வந்த கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம், சுருக்கமாக சி.ஆர்.பி. இது கிட்டத்தட்ட குத்தகைதான், குத்தகைதாரர் மட்டும் அரசு. 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டு, உழுவதை நிறுத்திவிட்டு, பிக் புளூஸ்டெம், சுவிட்ச்கிராஸ் போன்ற நாட்டுப் புற்களை விதைக்கவேண்டும். ஆண்டுதோறும் ஏக்கருக்கு வாடகை வரும். புல் வளர்க்கும் செலவில் பாதி வரை அரசு ஏற்கும். ஒருவருக்கு ஆண்டு வாடகை 50,000 டாலரைத் தாண்டாது.

எல்லா நிலத்தையும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். 2018 பண்ணைச் சட்டப்படி, 2012 முதல் 2017 வரையிலான ஆறு ஆண்டுகளில் நான்கிலாவது அதில் பயிர் செய்திருக்கவேண்டும். பொதுச் சேர்க்கையில் போட்டி உண்டு: மண்ணுக்கும் நீருக்கும் பறவைக்கும் எவ்வளவு பயன் என்று மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். ஓடைக்கரைப் புல்பட்டை, ஈரநில மீட்பு போன்றவற்றுக்கு இந்தப் போட்டி இல்லை.

மக்காச்சோள விலை ஏறியதும் இடையில் கழன்றுகொள்ளலாமா என்று பலருக்குத் தோன்றும். அப்படிச் செய்தால் அதுவரை வாங்கிய வாடகையை வட்டியோடு திருப்பிக் கட்டி, அதற்குமேல் அபராதமும் கட்டவேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின் மறுபடி உழத் தடையில்லை. பத்து ஆண்டில் வளர்ந்த புல்வெளி ஒரே பருவத்தில் போய்விடும். இந்தத் திட்டத்தின் பலவீனம் இதுதான் என்பது என் எண்ணம்.

அந்தக் குறை இல்லாத இரண்டாவது வழி, ஈரநிலத்துக்கான வெட்லேண்ட் ரிசர்வ் ஈஸ்மென்ட், சுருக்கமாக டபிள்யூ.ஆர்.இ. இங்கே அரசு வாங்குவது நிலத்தை அல்ல, அதில் பயிர் செய்யும் உரிமையை. நிரந்தரமாகக் கொடுத்தால் அந்த உரிமைக்கு மதிப்பிட்ட தொகை முழுதும் கிடைக்கும்; மீட்புச் செலவில் 75 முதல் 100 சதவீதம் அரசுடையது. 30 ஆண்டுக்கு மட்டும் என்றால் தொகையும் செலவும் 50 முதல் 75 சதவீதம்தான். சொத்து உங்கள் பெயரிலேயே இருக்கும். வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம், வேலி போட்டு மற்றவர்களைத் தடுக்கலாம். சொத்து வரியும் நீங்களே கட்டவேண்டும்!

வேலை பெரும்பாலும் மண்ணுக்கு அடியில். டகோட்டா, மினசோட்டா, அயோவா பக்கம் பனிப்பாறைகள் விட்டுப்போன குழிகளில் நீர் தேங்கி, வாத்துகள் குஞ்சு பொரித்த இடங்களை, வடிகுழாய் புதைத்து வயலாக்கியிருந்தார்கள். அந்தக் குழாயை உடைத்து, வாய்க்காலை அடைத்தால் நீர் தானாகவே திரும்பும்.

சி.ஆர்.பி.க்கு மாவட்ட அளவிலான ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி அலுவலகத்திலும், டபிள்யூ.ஆர்.இ.க்கு இயற்கை வளப் பாதுகாப்புத் துறையான என்.ஆர்.சி.எஸ். அலுவலகத்திலும் விண்ணப்பிக்கவேண்டும். இப்படிப்பட்ட நிலத்தை விலைக்கு வாங்குகிறவர்களும் கவனிக்கவேண்டும்: டபிள்யூ.ஆர்.இ. உரிமை நிலத்தோடு பதிவானது, கை மாறினாலும் புது உரிமையாளரைக் கட்டுப்படுத்தும்.